தலைக்கணக்கும் வாக்கும்: அமெரிக்கக் காங்கிரசில் மிசிசிப்பி மாநிலம்

ஒரு நாட்டின் பாராளுமன்றத்திலே ஒரு பிரதேசத்துக்கு எத்தனை ஆசனங்கள் உண்டு என்று கேட்டால், குடிசன மதிப்பு அறிக்கையைப் புரட்டி விடை சொல்லிவிடலாம். அந்த ஆசனங்களில் அமர்ந்தோர் யாருக்காகப் பேசினர் என்று கேட்டாலோ, விடை அத்துணை இலகுவில் அகப்படுவதில்லை. இவ்விரு கேள்விகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதை அறிய விரும்புவோர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ள மிசிசிப்பி மாநிலத்தின் வரலாற்றை நோக்குதல் தகும். அம்மாநிலம் தன் மக்கள் எல்லோரையும் எண்ணிக் காட்டி ஆசனங்களைப் பெற்றது. எண்ணப்பட்டோரிற் பெரும்பகுதியினருக்கோ, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம், அந்த ஆசனங்களில் யார் அமர்வது என்று சொல்லும் உரிமை இருக்கவில்லை.

காங்கிரஸ் என்பது அமெரிக்காவின் பாராளுமன்றம். அதில் இரண்டு சபைகள் உள்ளன. செனற் சபையில், பெரிய மாநிலமாயினும் சிறிய மாநிலமாயினும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடங்கள். செனற்றர் ஒருவரின் பதவிக்காலம் 6 ஆண்டுகள். மற்றையது பிரதிநிதிகள் சபை. அதன் அங்கத்தவர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை தெரிவு செய்யப்படுகின்றனர். பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிசன மதிப்பையொட்டி, சனத்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்கு அச்சபையின் ஆசனங்கள் பங்கிடப்படும். செனற்றர்களை 1913 ஆம் ஆண்டின் யாப்புத் திருத்தம் வரும்வரை மாநிலச் சட்டசபைகளே தெரிவு செய்துவந்தன. இங்கே ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். தலைகளை எண்ணுவது மத்திய அரசாங்கத்தின் பணி. வாக்காளர் இடாப்பில் யார் பெயரைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் மாநிலத்தின் பணி. எண்ணும் கை வேறாகவும் இடாப்பு எழுதும் கை வேறாகவும் இருந்தமையே, பின்னர் நிகழ்ந்த பல அநீதிகளுக்கு வழி திறந்துவிட்டது.

மிசிசிப்பி 1817 டிசம்பர் 10 ஆம் திகதி ஐக்கிய நாடுகளின் இருபதாவது மாநிலமாகச் சேர்ந்தது. அப்பொழுது பிரதிநிதிகள் சபையில் அதற்கு ஓரிடமே கிடைத்தது. அதன் மேற்கு எல்லையில் ஓடும் பேராற்றின் வண்டல் படிந்த நிலத்திலே பருத்தி செழித்தது. பருத்தியோடு தோட்டங்கள் பெருகின. தோட்டங்களோடு அடிமைகளின் தொகையும் பெருகியது. 1830 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் பின் ஆசனங்கள் 2 ஆயின. 1840 இன் பின் 4 ஆயின. 1850 இன் பின் 5 ஆயின.

இவ்வளர்ச்சியின் உட்பொருளை விளங்கிக்கொள்ள 1787 ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அமெரிக்க யாப்பை வகுத்தோர், அடிமைகளைச் சனத்தொகையிற் சேர்ப்பதா இல்லையா என்று வாதிட்டனர். அடிமைக்கு வாக்குரிமை கொடுக்கவேண்டும் என்பது அவ்விவாதத்தின் பொருளே அன்று. அவனை எண்ணிக் காட்டினால் அவனுடைய எசமானின் மாநிலத்துக்கு எத்தனை ஆசனங்கள் கூடும் என்பதே விவாதமாயிற்று. முடிவில், அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கிற் சேர்ப்பதென உடன்பாடு ஏற்பட்டது. 1860 ஆம் ஆண்டிலே மிசிசிப்பியின் சனத்தொகை 791,305. அவர்களுள் அடிமைகள் 436,631 பேர். அதாவது நூற்றுக்கு 55 வீதத்தினர். ஐந்தில் மூன்று என்ற கணக்கின்படி, ஏறத்தாழ 262,000 தலைகளின் பலம் அவர்களால் மாநிலத்துக்குக் கிடைத்தது. அந்தப் பலத்தைக்கொண்டு வாஷிங்டனுக்குச் சென்றோர், அடிமை முறையைக் காப்பதற்கே அதனைப் பயன்படுத்தினர்.

1861 ஜனவரி 9 ஆம் திகதி மிசிசிப்பி ஐக்கிய நாடுகளினின்றும் பிரிவதாக அறிவித்தது. அதன் செனற்றர்களான ஜெபர்சன் டேவிசும் அல்பேர்ட் பிரவுணும் தம் ஆசனங்களை விட்டு நீங்கினர். டேவிஸ், பிரிந்துசென்ற தென் மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் சனாதிபதியானார். நான்கு ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்தது, தெற்குத் தோற்றது, அடிமை முறை ஒழிந்தது. 1868 இல் நிறைவேறிய பதினான்காவது திருத்தம், முன்னாள் அடிமைகளைப் பிரசைகள் என்று ஏற்றது; ஐந்தில் மூன்று என்ற கணக்கை நீக்கி, ஒவ்வொருவரையும் முழு மனிதராக எண்ணவேண்டும் என்றது. அத்தோடு ஓர் எச்சரிக்கையையும் விடுத்தது. வயதுவந்த ஆண் பிரசைகளுக்கு வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்துக்கு, மறுக்கப்பட்டோரின் விகிதத்துக்கு ஏற்ப ஆசனங்களும் குறைக்கப்படும் என்பதே அது. 1870 இல் நிறைவேறிய பதினைந்தாவது திருத்தம், இனத்தையோ நிறத்தையோ முந்திய அடிமை நிலையையோ காரணமாகக் காட்டி வாக்குரிமையை மறுத்தலாகாது என்று விதித்தது.

1870 பெப்ரவரியில் மிசிசிப்பி மீண்டும் காங்கிரசிற் சேர்த்துக்கொள்ளப்பட்டது. மாநிலச் சட்டசபை தெரிவு செய்து அனுப்பிய செனற்றர்களுள் ஒருவர் ஹைரம் றெவெல்ஸ். 1827 இல் வட கரொலைனாவில் அடிமையல்லாத கறுப்பினக் குடும்பத்திற் பிறந்த அவர், ஒரு மதகுரு. கல்விப் பணியில் ஈடுபட்டவர். அவரை ஏற்கக்கூடாது என்று செனற் சபையில் வாதம் எழுந்தது. செனற்றர் ஆவதற்கு 9 ஆண்டுகள் பிரசையாக இருந்திருத்தல் வேண்டும்; கறுப்பர் பிரசைகளாகமாட்டார் என்று 1857 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்க, இவர் எவ்வாறு 9 ஆண்டுகள் பிரசையாக இருந்திருக்க முடியும் என்று எதிர்த்தோர் கேட்டனர். பல தலைமுறைகளாக அந்த மண்ணில் வாழ்ந்த ஓரினத்தார், நேற்று வந்து இறங்கியோர் போல் ஆண்டுக்கணக்குக் காட்டவேண்டியவராயினர். விவாதம் மூன்றாம் நாள்வரை நீண்டது. பெப்ரவரி 25 ஆம் திகதி 48 வாக்குகள் சார்பாகவும் 8 வாக்குகள் எதிராகவும் விழ, றெவெல்ஸ் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். காங்கிரசில் அமர்ந்த முதலாவது கறுப்பினத்தவர் அவரே. டேவிசின் ஆசனத்தில் அவர் அமர்ந்தார் என்று எழுதுவோர் உண்டு. உண்மையில் அது பிரவுண் விட்டுச்சென்ற ஆசனம். ஓராண்டுக்குச் சற்றுக் கூடிய பதவிக்காலம் 1871 மார்ச்சில் முடிந்ததும், அவர் தம் மாநிலத்திலே கறுப்பின மாணவர்க்கென நிறுவப்பட்ட அல்கோர்ன் உயர்கல்விக்கூடத்தின் முதல் தலைவரானார்.

டேவிசின் ஆசனத்துக்குப் பின்னர் வந்தவர் பிளான்ஷ் புரூஸ். 1841 இல் வேர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் அவர். போரின் பின் மிசிசிப்பிக்கு வந்து, நிலம் வாங்கி, பொலிவர் கவுண்டியில் வரி அறவிடும் அதிகாரியாகவும் பாடசாலைகளின் கண்காணிப்பாளராகவும் பணியாற்றி மக்களின் மதிப்பைப் பெற்றார். 1875 மார்ச்சில் அவர் பதவியேற்க வந்தபோது, சபை வழக்கப்படி அவரை அழைத்துச் செல்லவேண்டிய மிசிசிப்பியின் மற்றைய செனற்றர் தம் இடத்தை விட்டு எழவில்லை. தனியே நடந்த புரூசின் பக்கத்தில் வந்து சேர்ந்து, அவரை முன்னே அழைத்துச் சென்றவர் நியூயோர்க்கின் செனற்றர் றொஸ்கோ கொங்லிங். புரூஸ் 6 ஆண்டுகள் முழுமையாகப் பணியாற்றினார். 1879 பெப்ரவரி 14 ஆம் திகதி செனற் சபைக்குத் தலைமை வகித்தும் இருந்தார். அக்காலத்திலேயே பிரதிநிதிகள் சபையில் ஜோன் லிஞ்ச் என்ற இளைஞர் அமர்ந்திருந்தார். அவரும் அடிமையாகப் பிறந்தவர். மாநிலச் சட்டசபையின் சபாநாயகராக இருந்துவிட்டு, 1873 இல் காங்கிரசுக்கு வந்தவர்.

ஆயினும் அந்த விடியல் நீடிக்கவில்லை. 1875 ஆம் ஆண்டு மாநிலத் தேர்தலிலே, ஆயுதந் தாங்கிய வெள்ளையர் குழுக்கள் கறுப்பின வாக்காளரை அச்சுறுத்தியும் அடித்தும் கொன்றும் வாக்குச்சாவடிகளினின்றும் விரட்டின. அம்முறைக்கு ‘மிசிசிப்பித் திட்டம்’ என்ற பெயரே ஏற்பட்டது. பின்னர் தொகுதிகளின் எல்லைகளும் மாற்றப்பட்டன. ஆற்றங்கரையோரமாக வடக்குத் தெற்காக ஒடுங்கி நீண்ட ஒரு தொகுதியை வரைந்து, கறுப்பின வாக்காளரை இயன்றவரை அதனுள் அடக்கினர். சப்பாத்துக் கயிற்றுத் தொகுதி என்று மக்கள் அதனை அழைத்தனர். மற்றைத் தொகுதிகள் அனைத்தும் இதனால் வெள்ளையர் கட்சிக்கு எளிதாயின. அந்த ஒரே தொகுதியிலும் 1880 இல் லிஞ்சுக்கு விழுந்த ஆயிரக்கணக்கான வாக்குகளைத் தேர்தல் அதிகாரிகள் செல்லாதவையென ஒதுக்கினர். அவர் காங்கிரசிடம் முறையிட்டு 1882 ஏப்ரலில் ஆசனத்தைப் பெற்றார். 1883 இல் அவர் நீங்கியபின், மிசிசிப்பியிலிருந்து மற்றொரு கறுப்பினத்தவர் காங்கிரசுக்குச் செல்வதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1881 இல் புரூஸ் விட்ட செனற் ஆசனத்துக்கு வந்தவர் ஜேம்ஸ் ஜோர்ஜ். வன்முறையாற் செய்ததைச் சட்டத்தினாற் செய்ய வழிகண்டோருள் அவர் தலையாயவர். 1890 இல் ஜக்சன் நகரிற் கூடிய மாநில யாப்புப் பேரவையிலே 134 பிரதிநிதிகள் இருந்தனர். மாநில மக்களுள் நூற்றுக்கு 57 வீதத்துக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவராயிருந்தும், அப்பேரவையில் அவர்களுள் ஒருவரே இடம்பெற்றார். புதிய யாப்பு நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது வாக்குரிமைக்கு நிபந்தனைகளை விதித்தது. வாக்களிக்க விரும்புவோர் ஆண்டுதோறும் 2 டொலர் தலைவரி செலுத்தியிருத்தல் வேண்டும். மாநில யாப்பின் ஒரு பிரிவை வாசித்தல் வேண்டும், அல்லது பிறர் வாசிக்கக் கேட்டு அதன் பொருளை விளக்குதல் வேண்டும். விளக்கம் சரியோ பிழையோ என்று தீர்ப்பவர் பதிவாளர். படிப்பறியாத வெள்ளையருக்கு அவர் எளிய பிரிவைக் கொடுக்கலாம். படித்த கறுப்பினத்தவருக்குச் சட்ட அறிஞரும் தடுமாறும் பிரிவைக் கொடுக்கலாம். இந்த யாப்பு மக்கள் வாக்குக்கு விடப்படவே இல்லை. 1898 இல் உயர் நீதிமன்றமும், இதன் சொற்களில் இனவேற்றுமை வெளிப்படவில்லை என்று கூறி, தலையிட மறுத்துவிட்டது.

இனி, 1900 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைப் பார்ப்போர் திகைப்படைதல் கூடும். மாநிலத்தின் மொத்தச் சனத்தொகை 1,551,270. அவர்களுள் கறுப்பினத்தவர் 907,630. அந்த மதிப்பின்படி மிசிசிப்பிக்கு 8 ஆசனங்கள் வழங்கப்பட்டன. அதன் வரலாற்றில் அதற்கு மேற்பட்ட தொகை எக்காலத்தும் கிடைத்ததில்லை. எட்டில் நாலுக்கு மேற்பட்ட ஆசனங்கள், வாக்குச்சாவடியை அணுகவும் முடியாத மக்களின் தலைக்கணக்கால் வந்தவை. விருந்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் காட்டி அரிசி பெற்றுக்கொண்டு, அவர்களுட் பாதிப் பேருக்குமேல் பந்தியில் இலை போடாது விடுவதை இது ஒக்கும். அடிமை முறை இருந்த நாளிலே அவர்கள் ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டனர். விடுதலையின் பின் முழுமையாக எண்ணப்பட்டனர். ஆகவே அவர்களை வாய்மூடச் செய்தோருக்குக் கிடைத்த இலாபமும் முன்னையிலும் அதிகமாயிற்று. இதனைத் தடுப்பதற்கென்றே பதினான்காவது திருத்தத்தில் எழுதப்பட்ட ஆசனக் குறைப்பு, ஒருமுறையேனும் எந்த மாநிலத்தின்மீதும் செயற்படுத்தப்படவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு மற்றொரு விளைவும் உண்டு. வாக்காளர் தொகை சுருங்கியது. போட்டிக் கட்சியும் இல்லாதொழிந்தது. சனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவர் ஆசனத்தைப் பெற்றவரே. அவ்வாறு பெற்றவர் பல ஆண்டுகள் அதனை இழக்கவேண்டியதில்லை. காங்கிரசிலோ, குழுக்களின் தலைமைப் பதவிகள் சேவைக்கால மூப்பின்படி வழங்கப்பட்டுவந்தன. ஆதலின் மிசிசிப்பியின் அங்கத்தவர்கள் மிக்க அதிகாரம் பெற்றனர். ஜேம்ஸ் ஈஸ்லண்ட் 1956 முதல் 1978 வரை செனற் சபையின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். குடியியல் உரிமைச் சட்டமூலங்கள் செல்லவேண்டிய குழு அதுவே. அவற்றை அவர் கடுமையாக எதிர்த்தார். ஜேமி விற்றன் 1941 முதல் 1995 வரை, 53 ஆண்டுகள், பிரதிநிதிகள் சபையில் இருந்தார். ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மாநிலங்களின் மக்களுக்குரிய சட்டங்களும், மிசிசிப்பியில் வாக்கிழந்தோரின் பெயராற் கிடைத்த ஆசனங்களின் முன்னே காத்துக் கிடந்தன.

எனினும் எண்ணப்பட்டோர் எந்நாளும் அங்கேயே இருக்கவில்லை. முதலாம் உலகப் போர்க் காலந் தொட்டுக் கறுப்பின மக்கள் சிக்காகோ முதலிய வட நகரங்களின் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். 1930 வரை மாநிலத்திற் பாதிக்கு மேற்பட்டோராயிருந்த அவர்கள், 1940 இற் பாதிக்குக் குறைந்தனர். ஆட்கள் குறைய ஆசனங்களும் குறைந்தன: 1933 இல் 7, 1953 இல் 6, 1963 இல் 5. மாநிலம் மதியாத மக்கள், தாம் வெளியேறுகையில் அதன் ஆசனங்களையும் உடன்கொண்டு சென்றனர் என்று சொல்லுதல் மிகையாகாது.

எஞ்சியிருந்தோருள் ஒருவர் பனி லூ ஹேமர். 1917 இற் பிறந்த அவர், சன்பிளவர் கவுண்டியிலே பருத்தித் தோட்டமொன்றில் வாரத்துக்குப் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவர். செனற்றர் ஈஸ்லண்டின் தோட்டமும் அதே கவுண்டியில்தான் இருந்தது. தமக்கு வாக்குரிமை உண்டு என்பதையே 44 வயதில்தான் அறிந்ததாக அவர் கூறியுள்ளார். 1962 ஆகஸ்ட் 31 ஆம் திகதி இன்டியனோலா நகருக்குச் சென்று பதிவுக்கு விண்ணப்பித்தார். யாப்பின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதும் சோதனையில் அவர் சித்தியெய்தவில்லை என்று சொல்லப்பட்டது. அன்றே, 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்தினின்றும் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு வினோனா நகரச் சிறையில் அவருக்கு விழுந்த அடிகள் வாழ்நாள் முழுவதும் உடலை வருத்தின. அவர் அஞ்சி ஒதுங்கவில்லை. 1964 இல் விற்றனையே எதிர்த்து முதனிலைத் தேர்தலில் நின்றார்.

அவ்வாண்டு தோன்றிய மிசிசிப்பி சுதந்திர சனநாயகக் கட்சி, மாநிலத்தின் 5 அங்கத்தவர்களும் சட்டப்படி தெரிவு செய்யப்பட்டோர் அல்லர் என்று காங்கிரசில் முறையிட்டது. மக்களில் ஒரு பெரும்பகுதியினரை விலக்கி நடத்திய தேர்தல் தேர்தலாகுமா என்பதே அதன் கேள்வி. 1965 ஜனவரி 4 ஆம் திகதி, அந்த ஐவருக்கும் ஆசனம் அளிப்பதை 276 பேர் ஆதரித்தனர். 149 பேர் எதிர்த்தனர். நூற்றுக்கணக்கான மக்கள் கொடுத்த சாட்சியங்கள் தொகுக்கப்பட்டன. செப்டெம்பர் 17 ஆம் திகதி அம்முறையீடு 228 வாக்குகளுக்கு 143 என்ற கணக்கில் தள்ளுபடியாயிற்று. அன்று ஹேமரும், அனி டிவைன், விக்டோரியா கிரே என்ற இரு பெண்மணிகளும் பிரதிநிதிகள் சபையினுள்ளே அமர அழைக்கப்பட்டிருந்தனர். முறையீடு தோற்றது, அது எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே, ஆகஸ்ட் 6 ஆம் திகதி, வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாகியிருந்தது. எழுத்தறிவுச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. மத்திய அரசின் பதிவாளர்கள் அனுப்பப்பட்டனர். 1964 இல் மிசிசிப்பியின் வயதுவந்த கறுப்பினத்தவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 வீதத்தினரே இடாப்பில் இருந்தனர். 1967 இல் அது நூற்றுக்கு 60 வீதத்தை நெருங்கியது.

இடாப்பிற் பெயர் ஏறியவுடன் ஆசனம் கிடைத்துவிடவில்லை. 1966 இல் மாநிலச் சட்டசபை தொகுதிகளைத் திருத்தி வரைந்தது. கறுப்பினத்தவர் செறிந்து வாழும் டெல்ரா எனப்படும் வண்டல் நிலத்தை ஒரே தொகுதியாக விடாது, பல தொகுதிகளிடையே துண்டாடியது. முன்னொருகால் அவர்களை ஒரு கயிற்றினுள் அடக்கியோர், இப்பொழுது எங்கும் பெரும்பான்மை பெறாதவாறு சிதறச் செய்தனர். பல ஆண்டு வழக்குகளின் பின்னர், 1980 களில் நீதிமன்றக் கட்டளையால் டெல்ராத் தொகுதி மீண்டும் உருவாயிற்று. 1986 இல் அங்கே மைக் எஸ்பி வென்றார். லிஞ்சுக்குப் பின் மிசிசிப்பியிலிருந்து காங்கிரசுக்குச் சென்ற முதற் கறுப்பினத்தவர் அவர். 1993 இல் அவர் விவசாய அமைச்சராகவே, இடைத்தேர்தலில் பெனி தொம்சன் தெரிவானார்.

2003 முதல் மிசிசிப்பியின் ஆசனங்கள் 4 ஆகக் குறைந்தன. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே மாநில மக்களுள் மூவருக்கு ஒருவருக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். 2018 இலும் 2020 இலும் எஸ்பி செனற் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அவரை வென்ற சின்டி ஹைட்-சிமித், அம்மாநிலம் காங்கிரசுக்கு அனுப்பிய முதற் பெண்மணி. 2013 இல் உயர் நீதிமன்றம், எந்த மாநிலங்களைச் சிறப்புக் கண்காணிப்பின்கீழ் வைப்பது என்று காட்டிய வாக்குரிமைச் சட்டத்தின் வாய்பாட்டைச் செல்லாதென்று தீர்த்தது. எல்லைகளும் இடாப்புகளும் பற்றிய வழக்குகள் அதன் பின்னும் ஓயவில்லை.

வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் மாளிகைக்கு ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகளை வழங்கும் வழக்கம் உண்டு. 1931 இல் மிசிசிப்பி வழங்கிய சிலைகள் ஜெபர்சன் டேவிசினுடையதும் ஜேம்ஸ் ஜோர்ஜினுடையதும் ஆகும். ஒருவர் ஆசனத்தை விட்டுச்சென்றவர். மற்றவர் வாக்கினைப் பறித்தவர். அவ்விருவருக்கும் இடையே அதே ஆசனத்தில் 6 ஆண்டுகள் அமர்ந்திருந்தவர் பிளான்ஷ் புரூஸ். ஒரு மாநிலத்தின் பிரதிநிதித்துவ வரலாற்றை அறிய முற்படுவோர், ஆசனங்களின் தொகையையும் அங்கத்தவர்களின் பெயர்களையும் படித்த அளவில் நின்றுவிடலாகாது. எத்தனை பேர் எண்ணப்பட்டனர், அவர்களுள் எத்தனை பேரின் வாக்குப் பெட்டியினுள் விழுந்தது என்ற இரு தொகைகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்விரு தொகைகளும் ஒன்றையொன்று நெருங்கும் அளவுக்கே, பிரதிநிதி என்ற சொல் தன் பொருளைப் பெறுகின்றது.